சிறு விமான நிலையங்களுக்கு இடையே: தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்காது

விமானத்தின் வேகத்தைத் தெரிந்துகொண்டு, தூரத்தை அதால் வகுத்து, "நாற்பது நிமிடத்தில் போய்விடலாம்" என்று முடிவு செய்பவர்கள் நிறைய. நெடுந்தூரப் பயணத்தில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒத்துவராது.

முதலில் தூரம். ஊரின் மையத்தை எடுக்காமல் விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். பாகை, கலை வடிவில் இருந்தால் (60 கலை ஒரு பாகை) தசமமாக மாற்றுங்கள்: 10 பாகை 45 கலை என்பது 10.75, 10.45 அல்ல. இந்த ஒரு தவறே 33 கிலோமீட்டர் பிசகை உண்டாக்கும்.

அட்சரேகையில் ஒரு பாகை 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசத்தை 60ஆல் பெருக்கிய பிறகு, சராசரி அட்சரேகையின் கோசைனாலும் பெருக்க வேண்டும். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன. 30ஆம் அட்சரேகையை ஒட்டி, வடக்குத் தெற்காக 2.5 பாகை, கிழக்கு மேற்காக 2 பாகை என்று வைத்துக்கொள்வோம். 150 கடல் மைலும் 104 கடல் மைலும் வரும். பிதாகரஸ் தேற்றப்படி நேர்த்தூரம் சுமார் 182 கடல் மைல், அதாவது 338 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டருக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் போனால், பூமியின் வளைவையும் கணக்கில் கொள்ளும் ஹேவர்சைன் சூத்திரம் வேண்டும். அதில் கோணங்களை ரேடியனில் கொடுக்க மறந்தால் விடை அபத்தமாக வரும்.

இனி நேரம். வான்வழித்தடம் நேர்கோடாக இருப்பது அபூர்வம் என்பதால் 13 கடல் மைல் கூட்டி 195 என்று கொள்வோம். 270 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 270 கடல் மைல் வேகத்தில், செல்லும் டர்போபிராப்புக்கு (விசிறி சுழன்று இயக்கும் விமானம்) இது 43 நிமிடம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு; அதற்கு 8 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக 8, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர 5. மொத்தம் 64 நிமிடம்.

450 நாட் ஜெட் என்றால்? 195 கடல் மைலுக்கு 26 நிமிடம்தான். ஆனால் உயரத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் அதற்குக் கொஞ்சமே கிடைக்கும். 30,000 அடியிலிருந்து இறங்கவே ஏறத்தாழ 90 கடல் மைல் வேண்டும்; 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டைத் தாண்டக் கூடாது. ஏற்ற இறக்கத்துக்கு 15, தரையில் அதே 13 என்று கூட்டினால் 54 நிமிடம். அவ்வளவு வேக வித்தியாசத்துக்கும் மிச்சம் பத்து நிமிடம்தான்! குறுகிய தடங்களில் டர்போபிராப் நிலைத்து நிற்பதற்கு, எரிபொருள் சிக்கனத்தோடு இதுவும் ஒரு காரணம்.

காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். 40 நாட் எதிர்க்காற்று அந்த 43 நிமிடத்தை 51 ஆக்கும். அதே அளவு பின்காற்று 38க்குத்தான் குறைக்கும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாக மீட்க முடியாது.

சிறு நிலையங்களில் இன்னொன்றும் உண்டு. ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸிவே (விமானம் ஊர்ந்து செல்லும் தனிப் பாதை) இல்லையென்றால், விமானம் ஓடுபாதையிலேயே கடைசிவரை ஊர்ந்து போய்த் திரும்பித்தான் புறப்பட வேண்டும். இறங்க வரும் விமானம் அதுவரை வானத்தில் காத்திருக்கும். காற்றின் திசையால் போகவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக எழும்ப நேர்ந்தால் சில நிமிடங்கள் கூடும்.

அட்டவணையில் போட்டிருப்பது பிளாக் நேரம்: நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் நிறுத்துவது வரை. புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், நேர மண்டலம் மாறினால் நேரடியாகக் கழிக்கக் கூடாது. தொடர் விமானம் பிடிப்பவர்கள் இந்த வருகை நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். கதவு திறப்பதும் பெட்டி வருவதும் அதற்குப் பிறகே.