மீதி கொடுப்பது கழித்தல் கணக்கு இல்லை

பில் தொகை 367. வாடிக்கையாளர் 500 நோட்டு ஒன்றை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள் ஆகியிருந்த அந்தப் பெண் 500 என்று தட்டினாள், திரையில் 133 என்று வந்தது, கல்லா திறந்தது, நூறு ஒன்றை எடுத்தும்விட்டாள். அப்போதுதான் அவர் பையைத் துழாவி, "இரும்மா, 17 சில்லறையா தர்றேன்" என்று ஒரு பத்து, ஒரு ஐந்து, ஒரு இரண்டு மேஜைமேல் வைத்தார்.

அவ்வளவுதான், அவள் கை கல்லாவுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. திரையைப் பார்த்தாள், சில்லறையைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். "இதுகூடத் தெரியாதா, என்னதான் படிச்சீங்க?" என்று பணம் கொடுத்தவர் கேட்டார். அவள் சில்லறையை அவர் பக்கமே தள்ளி, "வேணாம் சார், நானே சில்லறை தந்துடறேன்" என்றாள், குரலே வரவில்லை. அப்புறம் எண்ணிக் கொடுத்தது 143. பத்து அதிகம். அவர் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தது நல்ல விஷயம், ஆனால் தரும்போது இன்னொரு வார்த்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன், கடைசி நான்கு வருடமாகப் புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனக்கணக்கே வராது" என்று கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராது என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளுக்கு யாரும் மீதி கொடுக்கக் கற்றுத்தரவில்லை. கழித்தல்தான் கற்றுத்தந்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

அவள் ஏன் உறைந்துபோனாள் என்று பார்ப்போம். 133 என்ற விடை இயந்திரம் கொடுத்தது, அவள் கண்டுபிடித்தது இல்லை. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டிய தேவையும் அதுவரை வரவில்லை. கேள்வி நடுவில் மாறியதும் அந்த 133 அவளுக்கு ஒன்றுக்கும் உதவாத எண்ணாகிவிட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போடணும். 517-இலிருந்து 367 போனால் எவ்வளவு? இதைப் பள்ளியில் சொன்ன மாதிரியே ஒன்றின் கீழ் ஒன்றாக மனதில் எழுதிப் பார்க்கிறாள், வலது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறாள், ஏழில் ஏழு போனால் சைபர், ஒன்றில் ஆறு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, இதற்குள் அந்த சைபரை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகிறது. அந்த முறை தாளில் எழுதிப் போடுவதற்கென்றே வந்தது. தாள் இருந்தால் அது அருமையான முறை. தாளை எடுத்துவிட்டு அதையே தலைக்குள் செய்யச் சொன்னால், இரண்டு எண்கள், வாங்கிய கடன், இதுவரை வந்த இலக்கங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மனதில் அவ்வளவு இடம் யாருக்குமே கிடையாது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் ஒரே சமயத்தில் ஏழு விஷயங்கள், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதையும் குறைத்து, நான்கு போலத்தான் தாங்கும் என்றார். அதே 2001-இல் மார்க் ஆஷ்கிராஃப்டும் எலிசபெத் கிர்க்கும் கணக்கு என்றாலே பதறுபவர்களைச் சோதித்தார்கள். அந்தப் பதற்றம் போய் உட்காருவது கணக்குப் போடத் தேவையான அதே இடத்தில்தான் என்று காட்டினார்கள். வரிசையில் நிற்பவரின் பெருமூச்சு ஒன்று போதும், அந்த நான்கில் இரண்டை அது பிடித்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. நெருக்கடி இல்லாதபோது மற்றவர்களைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள், அதாவது மனதில் அதிகம் தாங்கும் திறன் உள்ளவர்கள்தான் நெருக்கடி வந்ததும் கடினமான கணக்குகளில் சறுக்கினார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கவுண்டரில் ஒருவர் தடுமாறுவதைப் பார்த்து அவருடைய மூளையை எடைபோடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் எப்படிக் கற்றுத்தருவது? பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர் சிறுமியர் ஐந்து பேரிடம் டெரெசினியா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. முதலில் வாடிக்கையாளர்போலப் போய்ப் பொருள் வாங்குவதுபோல் கணக்குக் கேட்டார்கள், 98 சதவீதம் சரியான விடை வந்தது. பிறகு அதே மாதிரிக் கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்து வெறும் எண்களாகக் கேட்டபோது 37 சதவீதம்தான் சரி. அதில் ஒரு பிள்ளையிடம் ஒன்று 40 வீதம் இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு 500 கொடுத்து மீதி எவ்வளவு என்று கேட்கிறார்கள். பிள்ளை சொன்னது: எண்பது, தொண்ணூறு, நூறு, நானூற்று இருபது. அவ்வளவுதான். அதே பிள்ளையிடம் தாளில் 420-உடன் 80-ஐக் கூட்டச் சொன்னால் 130 என்று எழுதியிருக்கிறது.

எண்பது, தொண்ணூறு, நூறு. அந்த மூன்று சொற்களில் எல்லாம் இருக்கிறது. கழிக்கவே இல்லை, பில் தொகையில் ஆரம்பித்து மேலே ஏறிப் போயிருக்கிறது: எண்பதிலிருந்து நூறுக்கு இருபது, நூறிலிருந்து 500-க்கு நானூறு. பழைய கேஷியர்கள் எல்லோரும் இப்படித்தான் கொடுத்தார்கள், எனக்குக் கற்றுத்தந்த அண்ணனும் இப்படித்தான். 367-இல் ஆரம்பித்து ஒன்றுகளை எடுக்கணும், 368, 369, 370. அப்புறம் பத்துகள், 380, 390, 400. அப்புறம் ஒரு நூறு, 500. வாய் சொல்லச் சொல்லக் கை எடுத்துக்கொண்டே போகும். முடிக்கும்போது வாடிக்கையாளர் கையில் 133 இருக்கும், ஆனால் 133 என்ற எண்ணை நீங்கள் எந்த இடத்திலும் கண்டுபிடித்திருக்கவே மாட்டீர்கள். மனதில் வைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு எண், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது. அதையும் வாய்விட்டுச் சொல்வதால் காதே நினைவு வைத்துக்கொள்ளும், எதிரில் நிற்பவரும் கூடவே எண்ணிக்கொள்வார், தப்பு நடந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

(பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1642-இல் தன் தந்தையின் வரிக்கணக்கு வேலைக்காக ஓர் இயந்திரம் செய்யத் தொடங்கினாரே, அதன் சக்கரங்கள் ஒரு பக்கமாகத்தான் சுழலும். கழித்தலை அதுவும் கூட்டலாக மாற்றித்தான் செய்தது. இதை நான் புதிதாக வருபவர்களிடம் சொல்வதுண்டு, கூட்டிக் கொடுப்பது குறுக்குவழி என்று அவர்கள் கூச்சப்படக்கூடாது என்பதற்காக.)

அப்புறம் அந்த 17. இது எல்லோரையும் விழவைக்கும் இடம், ஆனால் இதைவிட எளிது எதுவும் இல்லை. திரையில் 133 இருக்கிறது, அவர் இன்னும் 17 தருகிறார், அவர் அதிகமாகத் தந்ததை அவருக்கே அதிகமாகத் திருப்பணும். 133-உம் 17-உம் 150. புதிதாக எதையும் கழிக்க வேண்டாம், திரையில் இருக்கும் எண்ணை அழிக்கவும் வேண்டாம். இதைச் சொன்னபோது அந்தப் பெண் என்னை ஏதோ ஏமாற்றுபவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், "அவ்வளவுதானாக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

அவள் 143 கொடுத்ததும் தற்செயல் இல்லை. 67-ஐ நூறாக்க எவ்வளவு வேண்டும் என்றால் பலர் ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு, ஆக 43 என்பார்கள். ஒன்றுகளைச் சேர்த்ததுமே 70 ஆகிவிட்டது, ஆறு இப்போது ஏழு, ஆகவே பத்துகள் மூன்றுதான் வேண்டும். கடைசி இலக்கத்தைப் பத்தாக்கணும், மற்றதையெல்லாம் ஒன்பதாக்கணும். ஷிஃப்ட் முடிந்து கல்லாவை எண்ணும்போது சரியாக 10 அல்லது சரியாக 100 குறைந்தால் முதலில் இந்தத் தவறைத்தான் நான் சந்தேகப்படுவேன். என் முதல் வருடத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் குறைந்ததையெல்லாம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஏன் குறைகிறது என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. மாதத்தில் ஆறேழு தடவை பத்து பத்தாகப் போகும், நான் வீட்டுக்கு வந்து அழுவேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அது எதற்காக வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசு எடுக்கிறார்கள் என்ற கவலையில் இருந்தவர், கப்பல் பயணத்தில் உந்துசுழலியின் சுற்றுகளை எண்ணும் கருவியைப் பார்த்துவிட்டு 1879-இல் முதல் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கேஷியருக்குக் கணக்கில் உதவுவது அதன் நோக்கமே இல்லை, அவரைக் கண்காணிப்பதுதான். மீதியைச் சொல்லும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது. அது வந்ததும் தினமும் நூறு தடவை தானாகக் கிடைத்த பயிற்சி போய்விட்டது. பயிற்சி போனதற்கு இன்றைய பிள்ளைகள் பொறுப்பில்லை.

திரை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. விரல் ஒரு சைபரை அதிகமாகத் தட்டினால் 500 என்பது 5000 ஆகும், திரை கூச்சமே இல்லாமல் 4633 கொடு என்று சொல்லும். கிட்டத்தட்ட நூற்றுச் சொச்சம்தான் வரணும் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பு மனதில் இருப்பவர்தான் அங்கே நிறுத்துவார். இன்னொன்று, நடுவில் கேள்வியை மாற்றி மாற்றி ஏமாற்றுபவர்கள். பெரிய நோட்டுக் கொடுத்துச் சின்னதாக ஏதோ வாங்குவார், மீதியை எண்ணும்போதே "இந்தப் பத்துகளை வெச்சுக்கிட்டு ஒரு நூறு குடுங்க" என்பார், அது முடிவதற்குள் "இல்ல, அந்தப் பெரிய நோட்டையே திருப்பிக் குடுங்க" என்பார். இது முழுக்க முழுக்க அந்த நான்கு இடத்தை நிரப்பிக் குழப்பும் வித்தை. இதற்கு வேகமான மனக்கணக்கு மருந்து இல்லை. வாங்கிய நோட்டைக் கல்லாவில் போடாமல் வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கணும், ஒரு கணக்கு முழுதாக முடியும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. "முதல்ல இதை முடிச்சுக்கலாம் சார்" என்று சொல்லும் தைரியத்தை நான் கணக்கைவிட முன்னால் கற்றுக்கொடுக்கிறேன்.

பணம் கொடுக்கிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. சில்லறை தருவதாக இருந்தால் நோட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். நீங்கள் உதவி செய்யத்தான் நினைக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், சில்லறை எங்களுக்கும் தேவைதான், அது தட்டுவதற்கு முன்னால் வந்தால் போதும். பின்னால் நினைவு வந்தால் பத்து வினாடி பொறுங்கள், விடையை நீங்கள் எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம், அவர் சொல்லட்டும்.

இப்போது தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் அந்தப் பெண்ணும் நானும் பில் இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்காருகிறோம். நான் ஒரு தொகை சொல்வேன், அவள் வாய்விட்டு எண்ணி எடுத்து வைப்பாள். மூன்று வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டாள், நேற்று பில் 792-க்கு ஒருவர் 1000 கொடுத்துவிட்டுப் பின்னாலேயே 42 சில்லறை வைத்தார், திரையில் 208, அவள் 250 என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசை நீண்டுவிட்டால் மட்டும் இன்னும் கை நிற்கிறது. அப்போது நான் போய் அவளுக்கு விடை சொல்வதில்லை. அவளுக்குப் பக்கத்தில் வரிசையைப் பார்த்தபடி நின்றுகொண்டு அடுத்தவரின் பொருள்களைப் பையில் போட ஆரம்பிப்பேன், அவர்கள் கண் என் பக்கம் திரும்பும். பின்னால் 369, 370 என்று அவள் குரல் கேட்க ஆரம்பிக்கும்.