அட்டையில் கூடிக்கொண்டே போன கட்டங்கள்

நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி பங்குதாரர்கள் என்னிடம் கேட்டபோது, அவர்கள் மனதில் இருந்தது நிறுவனர்களின் படங்களும் பெரிய ஒப்பந்தங்களின் பட்டியலும்தான். இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. வாசித்தால் கொட்டாவி வந்தது. நாங்கள் தரகு பார்ப்பது தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் கிடங்குகளுக்கும். வீட்டுத் தரகில் கல்யாணம், பாகப்பிரிவினை என்று ஏதாவது கதை ஒட்டிக்கொண்டு வரும். இங்கே வருவது சதுர அடி, வாடகை, குத்தகைக் காலம், அவ்வளவுதான். எங்கள் உண்மையான கதை பின்னறையில் இருந்த இரும்புப் பீரோக்களுக்குள் கிடந்தது.

கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அட்டை உண்டு. விலாசம், உரிமையாளர், பரப்பு என்று கட்டங்கள் அச்சடித்திருக்கும். தரகர்கள் தெருத் தெருவாகச் சுற்றி, எந்த ஷெட் காலி, எந்த வாடகைதாரர் கிளம்பப் போகிறார் என்று விசாரித்து நிரப்புவார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை அட்டையையே மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். வருகிற பார்ட்டி கேட்கும் கேள்விக்குப் பழைய அட்டையில் பதில் இல்லாமல் போனதுதான் ஒவ்வொரு முறையும் காரணம். அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் தொழில் எதற்காக இடம் தேடியது என்பது தெரிந்துவிடுகிறது.

மிகப் பழைய அட்டையில் முதலில் வருவது மாடிகளின் எண்ணிக்கை. அடுத்து, ஒவ்வொரு தளமும் எவ்வளவு எடை தாங்கும், சரக்கு லிஃப்ட் உண்டா, ரயில் பாதை வாசல் வரை வருகிறதா என்று போகும். தொழிற்சாலைக்கு எதற்கு இத்தனை மாடி என்று இன்றைய பையன்கள் கேட்கிறார்கள். நீராவி இயந்திரம் ஒன்றுதான் கட்டடம் முழுவதற்கும் விசை கொடுத்தது. அதன் சுழற்சியைத் தண்டுகள், பெல்ட்டுகள் வழியாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொண்டுபோக வேண்டும். தூரம் கூடினால் விசை வீணாகும். அதனால் கட்டடத்தை நெருக்கமாக, மேல்நோக்கிக் கட்டினார்கள். இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார் என்று ஆனதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஃபோர்டு நிறுவனத்துக்காக ஆல்பர்ட் கான் வடிவமைத்த ஹைலண்ட் பார்க் ஆலை 1910-இல் திறந்தபோது பல மாடிக் கட்டடம். அதே கான், அதே நிறுவனத்துக்காக ரூஜ் ஆற்றங்கரையில் பிறகு கட்டியவை பெரும்பாலும் ஒரே தளத்தில் பரந்து கிடந்தவை. பரப்பிக் கட்ட இடம் நகருக்கு வெளியேதான் கிடைக்கும். எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு வந்தது இந்த இடமாற்றத்தில்தான்.

தொழிலுக்கென்றே நிலத்தை வகுத்து விற்கும் யோசனை அதற்கும் முந்தியது. மான்செஸ்டருக்குக் கப்பல் கால்வாய் 1894-இல் திறந்தது. இரண்டே வருடத்தில், 1896-இல், அதன் கரையிலிருந்த ஒரு பிரபுவின் பரம்பரை நிலம் டிராஃபர்ட் பார்க் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. திட்டமிட்டு அமைத்த முதல் தொழிற்பேட்டை என்று அதைத்தான் சொல்வார்கள். இன்று உலகம் முழுவதும் கிளை பரப்பியிருக்கும் சிபிஆர்இ நிறுவனத்தின் வேர், சான் பிரான்சிஸ்கோவை 1906-இல் நிலநடுக்கம் சிதைத்த பிறகு அங்கே தொடங்கிய ஒரு சிறு நிலத்தரகு நிறுவனம். தொழிற்சாலைத் தரகர்களுக்கென்று தனிச் சங்கம் அமெரிக்காவில் 1941-இல் உருவானது, போர்க்கால உற்பத்திக்கு இடம் தேட வேண்டியிருந்த நேரத்தில். பெரிய இடப்பெயர்ச்சி நடக்கும்போதெல்லாம் தரகனுக்கு வேலை வருகிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமா என்று கேட்டால், இல்லைதான்.

எங்கள் அட்டையை அதிகம் மாற்றியது கன்டெய்னர், சரக்கைப் பிரிக்காமல் கப்பலிலிருந்து லாரிக்கு அப்படியே மாற்றும் பெரிய பெட்டி. 1956 ஏப்ரலில் அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அந்தப் பயணத்தால் எங்கள் மாதிரி அலுவலகத்தில் எதுவும் உடனே மாறிவிடவில்லை. வருடங்கள் கழித்துத்தான் அட்டையில் 'லாரி சேரும் மேடை எத்தனை' என்ற கட்டம் முளைக்கிறது. ரயில் பாதைக் கட்டம் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுக் காணாமல் போகிறது. துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மூட்டை மூட்டையாக இறக்கிப் பிரித்து வைக்கத்தான் அங்கே இடம் தேவைப்பட்டது. பூட்டிய பெட்டி அப்படியே நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போகும் என்றால், கப்பலுக்குப் பக்கத்தில் எதற்கு வாடகை கொடுக்க வேண்டும்?

மேடை இருந்தால் மட்டும் போதாது. நாற்பது அடிப் பெட்டியைச் சுமந்து வரும் டிரெய்லர் பின்வாங்கித் திரும்ப முற்றம் வேண்டும். 120, 130 அடி ஆழம் இல்லாவிட்டால் ஓட்டுநர் படாதபாடு படுவார். அருமையான ஷெட், வாடகையும் குறைவு, ஆனால் முற்றம் குறுகல் என்பதால் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த இடங்கள் பழைய அட்டைகளில் நிறைய உண்டு. எனக்குத் தொழில் பழக்கிய மூத்தவர் இடம் பார்க்கப் போனால் கட்டடத்துக்குள் நுழையவே மாட்டார். முற்றத்தில் நின்று காலடியால் அளப்பார். "உள்ளே இருக்கிறதை மாத்திக் கட்டலாம் தம்பி, வெளியே இடம் இல்லேன்னா பக்கத்து மனைக்காரன்கிட்டதான் கேக்கணும்" என்பார்.

அப்புறம் உயரம். என் காலத்தில் பார்த்த மாற்றங்களில் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். பரப்புக்குத்தான் வாடகை பேசுகிறோம். வாடகைதாரர் நிரப்புவதோ கன அளவை. ஒரு லட்சம் சதுர அடி ஷெட் 24 அடி உயரம் என்றால் 24 லட்சம் கன அடி. அதுவே 36 அடி என்றால் 36 லட்சம். தரை அதேதான், அடுக்குகிற சரக்கு ஒன்றரை மடங்கு. நடைபாதைக்கும் கூரையடிக்கும் விட வேண்டிய இடத்தைக் கழித்தாலும் வித்தியாசம் பெரிதுதான். எந்த உயரத்தைச் சொல்கிறோம் என்பதிலும் தகராறு வரும். கூரையின் உச்சியை அளந்து சொல்வார் உரிமையாளர். வாடகைதாரருக்கு வேண்டியது உத்தரத்தின் அடிவிளிம்பு வரை உள்ள உயரம். அதனால் எங்கள் அட்டையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருந்தார்கள்.

உயரம் கூடியதற்கு எஃகு மலிவானது மட்டும் காரணமல்ல. உயர அடுக்கிய சரக்கில் தீப்பிடித்தால், கூரையிலுள்ள சாதாரணத் தெளிப்பான்களின் தண்ணீர் நெருப்பின் அடிக்குப் போய்ச் சேருவதற்குள் எரிந்து முடிந்துவிடும். பெரிய துளிகளை வேகமாகக் கொட்டி, ஆரம்பத்திலேயே தீயை அடக்கும் தெளிப்பான்கள் 1980-களில் வந்தன. அதற்குப் பிறகு பல வகைச் சரக்குக்கு, அடுக்குகளுக்கு நடுவே குழாய் இழுக்காமலே உயரமாக வைக்க முடிந்தது. அந்த வகைத் தெளிப்பான் இருக்கிறதா என்று கேட்க ஒரு கட்டம் வந்தது. பார்க்கப்போனால் இந்தத் தொழிலில் பாதி, தீக்காப்பீட்டுக்காரர் எதற்கு ஒப்புவார் என்று தெரிந்து வைத்திருப்பதுதான்.

மண்ணைப் பற்றிய கட்டம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் லவ் கால்வாய்ப் பகுதியில், புதைத்த ரசாயனக் கழிவின் மேல் குடியிருந்தவர்களை 1978-இல் வெளியேற்ற வேண்டிவந்தது. 1980-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, கழிவைக் கொட்டியவர் மட்டுமல்ல, நிலத்தை இன்று வைத்திருப்பவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாகலாம். வாங்குபவர்கள் பயந்துபோனார்கள். இடத்தின் பழைய உபயோகத்தைத் தோண்டித் துருவாமல் கடன் கொடுப்பவரும் கையெழுத்துப் போடுவதில்லை. முலாம் பூசும் பட்டறையா, சாயப் பட்டறையா, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதற்கு எங்கள் பழைய அட்டைகள் திடீரென்று சாட்சியாயின. அட்டைகளை எரித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பேச்சை விட்டார்கள்.

ஆனால் அட்டைகளை வைத்து உள்ளேயே ஒரு பெரிய சண்டையும் நடந்தது. கட்டடத் தகவலைத் திரட்டி எல்லாருக்கும் சந்தாவுக்கு விற்கும் நிறுவனங்கள் வளர்ந்த நேரம். அவற்றில் பெரியதான கோஸ்டார் 1987-இல் தொடங்கியது. எங்கள் மூத்தவர்கள், தகவல்தான் நம் மூலதனம், அதை ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். தரகுத்தொகை கிடைப்பது ஒப்பந்தம் முடிந்தால்தான். மொத்த வாடகையில் ஒரு விகிதம், அதையும் உரிமையாளர் தரப்புத் தரகரும் வாடகைதாரர் தரப்புத் தரகரும் பங்கிட வேண்டும். மாதக்கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் பார்ட்டி மனம் மாறினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்த நிலையில் அட்டையை இறுக்கிப் பிடித்தவர்களைக் குறை சொல்ல முடியாதுதான். இருந்தாலும் அவர்கள் பக்கம் தவறு என்றே நினைக்கிறேன். எது காலி என்ற தகவல் எல்லார் கைக்கும் போன பிறகும், தரையில் எங்கே வெடிப்பு, மழைநீர் எந்த மூலையில் தேங்கும், எந்த உரிமையாளர் கூரை ஒழுகினால் தொலைபேசியை எடுக்கமாட்டார் என்பதெல்லாம் சுற்றியவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

இப்போது பார்ட்டிகள் முதலில் கேட்பது மின்சாரம். தானியங்கிக் கிடங்கு, குளிர்பதன அறை, மின்லாரிக்கு சார்ஜ், தரவு மையம் என்று எல்லாரும் மெகாவாட் கணக்கில் பேசுகிறார்கள். பரப்பும் உயரமும் இரண்டாம் பட்சமாகிவிட்டன. இதில் சிக்கல் என்னவென்றால், இந்தக் கட்டத்தை ஷெட்டைச் சுற்றிப் பார்த்து நிரப்ப முடியாது. மனையில் டிரான்ஸ்ஃபார்மர் கண்ணுக்குத் தெரியும். துணைமின் நிலையத்தில் மிச்சம் எவ்வளவு, வரிசையில் நமக்கு முன்னால் யார் யார் என்பது தெரியாது. எங்கள் இளைஞர்கள் பாதி நேரம் மின் நிறுவனத்தின் வரவேற்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.