பேர் கேட்டியா?

டிராயிங் சார் போய்விட்டார் என்ற செய்தி குரூப்பில் வந்தபோது இங்கே டொராண்டோவில் விடிகாலை நாலு மணி. அப்புறம் தூக்கம் வரவில்லை. மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தில் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். இப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஸ்கூல் மாடிப்படிக்குக் கீழே படம் கழுவும் அந்த இருட்டறை, சிவப்பு பல்பு, ஹைப்போ மருந்து வாசனை. போட்டோ கிளப்பில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1986, நான் பிளஸ் ஒன். கேமரா சாருடைய சொந்தக் கேமரா. ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம், 36 படம், நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு 6. ஜூம் கிடையாது, 50 எம்எம் லென்ஸ் ஒன்றுதான். "கிட்ட வேணும்னா நடந்து போ" என்பார்.

ஞாயிறு காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகம். முதல் இரண்டு வாரம் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே விடவில்லை. ஏலம் நடக்கும் இடத்தில் சும்மா நிற்கச் சொன்னார். ஐஸ் எப்போது வருகிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், வெயில் எப்போது எங்கே விழுகிறது, இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் முகம் கறுத்துப்போகும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் எதிரில் இருப்பவருக்குக் கண் கூசும். படகு நிழலின் ஓரத்தில் பக்கவாட்டில் நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

அங்கே ஒரு பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கிழிசலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கை தானாக ஓடியது, கண் வேறெங்கோ இருந்தது. என் பங்கு ஆறையும் அவருக்கே செலவழித்தேன். நாலாவதில் நைலான் நூலைப் பல்லால் கடிக்கிறார், கன்னத்தில் வெளிச்சம். ரோலில் உள்ள எல்லாப் படத்தையும் சின்னதாக ஒரே தாளில் போட்ட காண்டாக்ட் ஷீட்டில் சார் அதைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வகுப்பில் பிரிண்ட்டைத் தூக்கிக் காட்டினார். "நல்லாருக்கா?" எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை எழுப்பினார்.

"இவர் பேர் என்ன?"

"தெரியாது சார்."

"எவ்வளவு நேரம் அங்க இருந்தே?"

"ஒரு மணி நேரம் சார்."

"ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்கே. பேர் கேட்கத் தோணலியா?"

குரலை உயர்த்தவே இல்லை. பெல் அடிக்கும்வரை நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அடுத்த ஞாயிறு போய்க் கேட்டேன். "இன்னாத்துக்கு தம்பி?" என்று சிரித்துவிட்டுப் பேரைச் சொன்னார். அந்தப் பேரை இங்கே எழுதவில்லை, அது அவர் வீட்டாருக்குச் சொந்தமானது. "படம் ஒண்ணு குடு" என்றார். தருகிறேன் என்றேன்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்த தாயின் படத்தையும் சார் எங்களுக்குக் காட்டியிருந்தார். முதலில் தள்ளி நின்று கூடாரத்தோடு எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கிட்டே போய், கடைசியில் அந்த முகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அப்போது நான் பார்த்தது அந்த நெருக்கத்தை மட்டும்தான். லாங்கே அவளிடம் பேர் கேட்கவில்லை என்பதை வெகுநாள் கழித்து இங்கே நூலகத்தில் படித்தேன். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவள் பேர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. லாங்கே படம் ஒன்று அனுப்புவதாகச் சொன்னார், வரவே இல்லை என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஏனென்றால் நானும் கொடுக்கவில்லை. பரீட்சை, காலேஜ், 1992இல் விசா. நெகட்டிவ் சாரிடமே இருந்தது.

2009இல் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்தபோது காசிமேட்டுக்குப் போனேன். பேரைச் சொல்லிக் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். பெரியவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சுவரில் மாலையோடு அவர் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாரு" என்றார் மருமகள். கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சாரின் கையெழுத்தில் பெரியவர் பேர், அதற்குக் கீழே என் பேர், 11-ஆம் வகுப்பு, 1986.

அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து சார் வீடு பத்து நிமிஷ நடை. மறுநாள் ஃப்ளைட். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்டோ ஏறிவிட்டேன்.