கோடை வகுப்பும் பாட்டி வீடும்

பென்சில்வேனியாவில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மே மாதம் பிறந்தால் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து போன் வரும். "சம்மர்ல அடுத்த கிளாஸ் கணக்கை ஆரம்பிச்சிடுவீங்களா மேடம்?" நாங்கள் நடத்துவது அந்த சம்மர் ஸ்கூல் இல்லை. ஈ.எஸ்.ஒய். என்பார்கள், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நீட்டிக்கப்பட்ட பள்ளியாண்டு. தானே சாப்பிடுவது, கழிப்பறை போகவேண்டும் என்று கேட்பது, வரிசையில் நிற்பது என்று வருடம் முழுக்கப் பாடுபட்டுக் கற்றது விடுமுறையில் கைநழுவிப் போகாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை.

யாரும் மனமிரங்கிக் கொடுத்த சலுகையும் அல்ல இது. 180 நாளுக்கு மேல் பள்ளி கிடையாது என்று இந்த மாநிலம் கறாராக இருந்தபோது பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1979இல் ஆம்ஸ்ட்ராங் எதிர் கிளைன் வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1980இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இன்று நாடு முழுக்க இதற்கு விதி இருக்கிறது. இன்ன குறைபாட்டுக்கு மட்டும்தான் என்று எந்தப் பள்ளி மாவட்டமும் சுருக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஐ.இ.பி. குழு, அதாவது அந்தப் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் வகுக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த குழு, உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். பெற்றோருக்குச் செலவில்லை.

முடிவு எதை வைத்து? பெரும்பாலும், பிள்ளை எதைத் தானே செய்தான் என்று நாங்கள் குறித்துவைக்கும் டேட்டா தாள்களை வைத்து. வாய்விட்டுக் கேட்க முடியாமல், டிசம்பரில் டேப்லெட்டில் தண்ணீர்ப் படத்தைத் தானே தொட்டுக் கேட்ட பையன், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்ததும் அழுதுகொண்டு கையைப் பிடித்து இழுப்பான். விடுமுறையில் மறப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். பழைய இடத்துக்குத் திரும்ப இவனுக்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்பதைத்தான் குறித்துவைப்போம். பெற்றோர் வீட்டில் கவனித்ததையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது மாநில விதி. ஆனால் கூட்டத்தில் எண்கள் நிரம்பிய தாளுக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு தாயின் சொல்லுக்குக் கிடைப்பதில்லை. அதனால் அம்மாக்களிடம் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்வேன். குறைபாடு கடுமையாக உள்ள பிள்ளைகளுக்கு பிப்ரவரி 28க்குள் கூட்டம் முடிந்துவிடும். மே மாத போன் ரொம்பத் தாமதம்.

இத்தனைக்குப் பிறகும் நம்மவர்களில் சிலர் ஜூலையில் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். குறை சொல்ல மாட்டேன், ஈ.எஸ்.ஒய். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. தாத்தா பாட்டியைப் பார்ப்பதும் பிள்ளைக்கு வேண்டியதுதானே. பட அட்டைகளில் தமிழிலும் எழுதி லேமினேட் செய்து கொடுத்தனுப்புவேன். சிக்கல் பாட்டியிடம்தான். "பாவம், புள்ள தவிக்குது" என்று அவன் அட்டையைத் தொடுமுன்பே சொம்பை நீட்டிவிடுவார். அதனால் கிளம்புமுன் வீடியோ காலில் அவரிடம் பேசிவிடுவேன்: "பத்து எண்ணுங்கம்மா, அதுவரைக்கும் சொம்பைக் கையில எடுக்காதீங்க."

திரும்பி வந்ததும் முதல் சில வாரங்கள் மறுபடி தாளில் குறிப்பேன், கோடையில் எங்கே இருந்தான், அங்கே அட்டை புழங்கியதா என்பதையும் சேர்த்து. அடுத்த பிப்ரவரிக் கூட்டத்தில் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.