விமானத்துக்கு ஒரு ஜாப் கார்டு

நாகர்கோவில்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். அந்த ரன்வேயைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், வேலிக்கு வெளியே நின்று. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி ஆராட்டுக்காக, அதாவது புனித நீராட்டுக்காக, சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளுவார். ஊர்வலப் பாதை ரன்வேக்குக் குறுக்கே போகிறது. அன்றைக்குச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டுச் சாமிக்கு வழிவிடுவார்கள்.

"கருட வாகனம் வைத்திருக்கிற பெருமாளே அந்த இடத்தைப் பறக்காமல் ஆள் தோளில்தான் கடக்கிறார். எனக்கு மட்டும் எதுக்கு அவசரம்?" என்று, விமானத்தில் போகலாமே என்பவர்களிடம் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. சொல்லவிட்டால்தானே!

எனக்கு அரசு பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. சேர்ந்து 28 வருஷம் ஆகிறது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே சத்தத்தை வைத்து, பேரிங் போயிருக்கிறதா, கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, இல்லை டிரைவர் சும்மா லீவுக்கு அடிபோடுகிறாரா என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதுதான் எனக்கு வினை. பஸ்ஸில் ஒரு சத்தம் வந்தால் ஓரம் கட்டலாம். டீ குடித்துக்கொண்டே மாற்று வண்டிக்கு போன் போடலாம். ஆகாயத்தில் ஓரம் எங்கே இருக்கிறது?

மகள் குவாஹாத்தி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தபோது எனக்குத் துணையாக விவேக் எக்ஸ்பிரஸ் இருந்தது. கன்னியாகுமரியில் கிளம்பி அசாமின் திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. நாகர்கோவிலில் சாயங்காலம் ஏறினோம். ராத்திரி முழுக்கக் கேரளத்தைக் கடந்து, காலையில் கண் விழித்து ஜன்னலைத் திறந்தால் சேலம். அத்தனை தூரம் ஓடி மறுபடியும் தமிழ்நாட்டுக்கே வந்திருந்தோம். அதற்குப் பிறகு ரெண்டு ராத்திரி. விசாகப்பட்டினம் தாண்டும்போது சாப்பாடு தீர்ந்தது, புவனேஸ்வரில் என் இடுப்பு தீர்ந்தது. நாலாம் நாள் குவாஹாத்தி பிளாட்பாரத்தில் இறங்கி நின்ற பிறகும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. இருந்தும், "பாத்தியா, பத்திரமா வந்து சேந்தோம்ல" என்று மனைவியிடம் பெருமை பேசினேன். அவள் பதில் பேசாமல் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி 26 வருஷத்தில் அந்தப் பார்வை ரெண்டே தடவைதான் வந்திருக்கிறது.

போன டிசம்பரில் மகள் தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து எங்கள் ரெண்டு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூரு, அங்கிருந்து குவாஹாத்தி. நான் உடனே போன் போட்டேன்.

"மக்ளே, கேன்சல் பண்ணிரு. நாங்க ரயில்லயே வந்திருவோம்."

"கேன்சல் பண்ணா ஒரு பைசா திரும்ப வராதுப்பா."

என் பயத்தைவிடப் பெரிய சக்தி ஒன்று உலகத்தில் இருப்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு உயரம் பயமில்லை, பனைமரமே ஏறியிருக்கிறேன். விழுந்துவிடும் என்பதுகூட இல்லை. என்ன சத்தம் என்று தெரியாத ஒரு வண்டிக்குள் பெல்ட் போட்டுக் கட்டிப்போட்டு உட்கார வைத்தால் என்னால் முடியாது. அவள் சிரிக்கவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை. "அப்படீன்னா ஜாப் கார்டு போட்டுருவோம்பா" என்றாள்.

பணிமனையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஜாப் கார்டு உண்டு. என்ன குறை, என்ன காரணம், பார்த்தாச்சா என்று மூன்று கட்டம். அன்று ராத்திரி அவள் குரல் செய்தியாக ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் ஒரு பழைய அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

முதல் சத்தம், வண்டி நகர்வதற்கு முன்னாலோ ஊர்ந்து போகும்போதோ காலடியில் யாரோ ரம்பம் போட்டு அறுப்பதுபோல, இல்லாவிட்டால் நாய் விட்டுவிட்டுக் குரைப்பதுபோல வரும். ஏர்பஸ் ஏ320 வண்டிக்கே உள்ள குணம். ஹைட்ராலிக் லைனில் ஒன்றில் பிரஷர் குறைந்தால் மற்றதன் பலத்தை வைத்து அதை ஏற்றிக் கொடுக்கிற கருவி ஒன்று இருக்கிறது. குரைப்பது அதுதான். ரெண்டாவது, அடியில் 'தொம்'. சாமான் ஏற்றிக் கதவை மூடுகிறார்கள். மூன்றாவது, ஓடுவதற்கு முன் இறக்கைப் பக்கம் 'கிர்ர்'. இறக்கையின் பின்தகடுகளை நீட்டிவிடுகிறார்கள். நாலாவது, மேலே எழும்பியதும் 'கடக்'. சக்கரம் உள்ளே போகிறது.

அஞ்சாவதுதான் விசேஷம். ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும். கீழே போகிறோமோ என்றுகூடத் தோன்றும். "அதுக்குப் பயப்படாதீங்கப்பா. தரையை விட்டு எழும்ப வேண்டிய அவ்வளவு பலம் இனி தேவையில்ல. பைலட் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுறார், அவ்வளவுதான்." ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை விடுகிற டிரைவரை நான் வாழ்நாளில் மன்னித்ததில்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

"சரி மக்ளே, ரெண்டு எஞ்சினும் நின்னுட்டா?"

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பஸ் உடனே நிக்குமா? ஓடும்ல. அது மாதிரி இறங்கும். பத்து கிலோமீட்டர் உயரத்துல இருந்தா நூறு கிலோமீட்டருக்கு மேலயே மிதந்து போகலாம்."

1983-ல் கனடாவில் அப்படி நடந்தே இருக்கிறதாம். 41,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 767-க்கு எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. நிரப்பும்போது கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். பைலட் கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளம் ஒன்றில் மிதந்தபடியே இறக்கிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு இதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. பைலட்டின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், டீசல் கணக்கில் எழுதுகிறவன் தப்புப் பண்ணுவது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

கிளம்புகிற அன்று அம்மா கொடுத்தனுப்பியவை: முந்திரிக்கொத்து மூன்று கிலோ, ஏத்தங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ, பேத்திக்குத் தலைக்குத் தேய்க்க எண்ணெய், ஆறு கொப்பரை. கூடவே நாகராஜா கோயில் பிரசாதம். எங்கள் ஊர் நாகராஜா கோயிலில் மூலவர் இருக்கும் இடத்து மண்தான் பிரசாதம். அதைச் சின்ன காகிதப் பொட்டலமாக என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

களியக்காவிளை தாண்டியதும் டாக்சி டிரைவர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக, எதிரே கேரளா பஸ் வரும்போதே ஒரு டாரஸ் லாரியை முந்தினார். நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். இது மனைவி சொல்லித்தான் தெரியும்.

கவுன்டரில் பெட்டியை எடை போட்டுக்கொண்டே அந்தப் பெண், "கொப்பரை உண்டோ?" என்று கேட்டார். எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதி இல்லையாம். தீப்பிடிக்கும் என்ற சொல்லை அவர் அந்த இடத்தில் தவிர்த்திருக்கலாம். ஆறையும் எடுத்து வாசலுக்கு ஓடினேன். டிரைவர் இன்னும் போனில்தான் இருந்தார், வாங்கிக்கொண்டார்.

அடுத்து பாதுகாப்புச் சோதனை. சீருடைக்காரர் என் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பு மண். "யே கியா ஹை?" என்றார்.

எனக்குத் தெரிந்த இந்தி பத்து வார்த்தை. கோயிலுக்கு 'மந்திர்' என்று தெரியும். நாகராஜா என்றால் அவருக்குப் புரியாதே என்று யோசித்து, எனக்குத் தெரிந்த இன்னொரு வார்த்தையையும் சேர்த்து, "சாம்ப்! சாம்ப்!" என்றேன்.

சாம்ப் என்றால் பாம்பு. விமான நிலையச் சோதனை வரிசையில் சத்தமாகச் சொல்வதற்கு ஏற்ற வார்த்தை இல்லை அது. எனக்குப் பின்னால் நின்ற வடநாட்டு அம்மா கைப்பையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். கடைசியில் ஒரு மலையாளி இளைஞர்தான் நடுவில் வந்து, இது கோயில் மண், பாம்பு இதில் இல்லை என்று விளக்கினார். சீருடைக்காரர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, தன் நெற்றியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

விமானத்துக்குள் ஜன்னல் சீட்டை மனைவிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பெல்ட்டைப் போட்டாள், முந்தானையைப் போர்த்தினாள், தூங்கிவிட்டாள். இவ்வளவுதான் அவளுடைய விமானப் பயணம். நான் அட்டையை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

'தொம்.' டிக் அடித்தேன். அப்புறம் அது வந்தது, ரம்பம். சொல்லிவைத்தது போலவே, காலடியில், விட்டுவிட்டு. எனக்கு வந்தது பயம் இல்லை, கிட்டத்தட்ட பாசம். ஊர்ப் பெயர் தெரியாத இடத்தில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி. டிக். 'கிர்ர்', டிக். வண்டி ஓடியது. முதுகை யாரோ பிடித்துச் சீட்டோடு அழுத்தினார்கள். சங்குமுகம் கடல் ஜன்னலில் சரிந்து தெரிந்தது. 'கடக்', டிக். எஞ்சின் அடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் டிக் அடித்தேன். பேனா அட்டையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

அப்போதுதான் அட்டையில் இல்லாத சத்தம் ஒன்று கேட்டது. 'டக் டக் டக் டக்.' ஒரே சீராக, வேகமாக, மிகப் பக்கத்தில். டாப்பெட் சத்தம் மாதிரியே. ஏதோ லூஸ் ஆகியிருக்கிறது. என் அனுபவத்தில் இந்த மாதிரிச் சத்தத்தோடு வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்ட முடியாது. பட்டனை அழுத்தி விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். பெல்ட் விளக்கு அணைந்ததும் வந்தார். "அந்தச் சத்தம் கேக்குதா?" என்றேன். குனிந்து கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சார், அது உங்க முழங்கால்" என்றார்.

முன்சீட்டுத் தட்டில் என் முழங்கால்தான் அடித்துக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. ஜாப் கார்டில் ஆறாவதாக அதையும் எழுதி, காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பெங்களூருவிலிருந்து மூன்று மணி நேரம். நடுவில் ஒரு பத்து நிமிஷம் குண்டும் குழியுமான ரோடு மாதிரி ஆடியது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, எங்கள் கிராமத்து ரூட்டில் தினமும் நடப்பதுதான். இறங்குவதற்கு முன்னால் இடது பக்கம் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். மேகம் நகர வேண்டுமே, இது அசையவே இல்லை. இமயமலை! தூங்குகிற மனைவிக்கு மேலே சாய்ந்து, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு பிரம்மபுத்திரா வந்தது. ஒரே ஆறாக ஓடத் தெரியாமல், பின்னல் அவிழ்ந்த சடையைப் போல மணல் திட்டுகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து கிடந்தது. ரயிலில் வந்தபோது இதே ஆற்றை வெறும் பாலமும் இருட்டுமாகத்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு எனக்குத் துணிச்சல் கண்மண் தெரியாமல் வந்துவிட்டது. மேகாலயாவில் நோங்ரியாட் என்ற ஊரில் ஈரடுக்கு வேர்ப்பாலம் இருக்கிறது, 3,000 படிக்கு மேல் இறங்க வேண்டும் என்று மகள் சொன்னதும் நானே முதல் ஆளாகக் கிளம்பினேன். ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்துவிட்டு வளர்த்தே பாலமாக்கியிருக்கிறார்கள் காசி இனத்து மக்கள். பழசாகப் பழசாக வலு கூடுகிற ஒரு சாமானை 28 வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. ஏறி வரும்போது என் முழங்காலில் வந்த சத்தம் வேறு விஷயம்.

திரும்பி வரும்போது ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டேன். "நீ தூங்கத்தானே போற" என்று நியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன். மனைவி அசையவில்லை. நடு சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு வலது பக்கம் ஒரு அசாம்காரர், ராணுவ வெட்டு முடி, ஆறடி உயரம், என் தொடை அளவு புஜம்.

வண்டி ஊர ஆரம்பித்தது. காலடியில் பழைய நண்பர் குரைக்க ஆரம்பித்தார். கூடவே, 'டக் டக் டக் டக்.'

உடனே என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். என்னுடையது இல்லை.

மெதுவாக வலது பக்கம் திரும்பினேன். அவர் நேராக முன்னே பார்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்திருந்தார். பாவமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஜாப் கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். முழுக்கத் தமிழ். திருப்பிக் கொடுத்துவிட்டார். தரையைக் காட்டி, காதைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். புரியவில்லை. அந்தப் பத்து இந்தி வார்த்தைகளில் ஹைட்ராலிக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேறு வழி தெரியாமல், கீழே கேட்பதும் இதுவும் ஒன்றுதான், கடிக்காது என்று விளக்குவதற்காக, தரையைக் காட்டிக்கொண்டு நானே ரெண்டு மூன்று தடவை குரைத்துக் காட்டினேன்.

போகும்போது ரெண்டு விமானத்திலும் கண் விழிக்காத என் மனைவி அப்போதுதான் விழித்துப் பார்த்தாள். அந்தப் பார்வை மூன்றாவது தடவை.