கல் உப்பும் சிப்பித் தூளும்: லைவ் ராக் வளர்த்த ஏழு மாதம்

கடல்மீன் தொட்டி வைக்கலாம் என்று முடிவானதும் நான் முதலில் தேடியது மீனை அல்ல, லைவ் ராக் எனப்படும், பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல்லை. அந்தத் தொட்டியில் கல்தான் ஃபில்டர். அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். உள்ளே ஆக்ஸிஜன் எட்டாத நுண்துளைகளில் வேறு வகை பாக்டீரியா குடியிருந்து, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். ஜகார்த்தாவின் லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த கல்லையும் காற்றுக்குமிழியையும் வைத்தே பவளம் வளர்த்த முறையை 1961-லேயே எழுதியிருக்கிறார்.

சென்னையில் ஒரு கடையில், "ராமேஸ்வரம் பீஸ் இருக்கு சார், கிலோ கணக்குல தரேன்" என்றார்கள். கடலில் எடுத்த பவளக்கல்லைத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று நீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி அள்ளியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதே கடலிலிருந்து இன்னொரு கூடை கல்லை என் வரவேற்பறைக்குக் கொண்டுவர மனம் ஒப்பவில்லை.

அதனால் நானே வார்த்தேன். சிமென்ட் ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் வாங்கிய சிப்பித் தூள் இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. உப்பு பின்னால் கரைந்து போய், அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீரைத் தாராளமாக விட்டேன். கலக்கும்போதே உப்பு கரைந்து, துளையே இல்லாத செங்கல் மாதிரிதான் கிடைத்தது. அடுத்த முறை சிமென்ட்டையும் சிப்பியையும் முதலில் பிசிறிவிட்டு உப்பைக் கடைசியில் சேர்த்தேன். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஈர மணலில் குழி பறித்து, அதில் அள்ளிப் போட்டு, ஈரச் சாக்கை மேலே மூடி மூன்று நாள் விட்டேன். மொத்தம் 18 கிலோ தேறியது.

இனி காத்திருப்புதான். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். டிரம்மில் ஊறப்போட்ட தண்ணீரின் பி.எச். முதல் வாரம் 11-க்கு மேல். அந்த வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். புதுத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறிய பிறகும் 8.4-ஐத் தாண்டாமல் நின்றது ஒன்பதாவது வாரம்தான். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மீனின் செவுள் வெந்துவிடும். தயவுசெய்து பொறுங்கள்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல் போக 160 லிட்டர் தண்ணீர் பிடித்தது. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவை, அடர்த்தி 1.025. கல்லைக் கண்ணாடியில் சாய்க்காமல், பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு அடுக்கினேன். நீரோட்டம் சுற்றிவர வேண்டும்.

அடுத்து விதை, அதாவது பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் பழைய கல். கடல் தொட்டியை ஆறு வருடமாக வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தானும் சிமென்ட்டில் வார்த்த கல்லிலிருந்து கைப்பிடி அளவு உடைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். பாக்டீரியாவுக்குத் தீனியாக நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைடு. சுத்தமான லேப் தரத்தில்தான் வாங்கினேன். 160 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும்.

ஒன்பதாம் நாள் அமோனியா இறங்கத் தொடங்கி நைட்ரைட் ஏறியது. அப்புறம் நைட்ரைட் நகரவே இல்லை. இருபதாம் நாள்வாக்கில் கல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் டயாட்டம் பாசி பூத்தது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் தானே வந்து தானே போகும். முப்பத்தோராம் நாள் போட்ட ஒரு கிராம் நவச்சாரம் மறுநாள் காலைக்குள் காணாமல் போயிருந்தது. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பண்ணையில் பிறந்த இரண்டு க்ளவுன் மீன்களை விட்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி, டார்ச்சில் சிவப்பு செலோபேன் தாள் கட்டிக் கல்லைப் பார்த்தேன். வெள்ளைப் பொடி மாதிரி கோப்பிபாடுகள், அதாவது இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள், கல்மேல் நிற்பதும் துள்ளுவதுமாக இருந்தன. உப்பு கரைந்த ஒரு துளையிலிருந்து பூரான் குட்டி மாதிரி ரோமப்புழு ஒன்று பாதி உடம்பை நீட்டி, மீன் தின்னாமல் விட்ட தீவனத் துணுக்கை இழுத்துக்கொண்டு போனது. என் கையால் போட்ட கல் உப்பு விட்டுப்போன ஓட்டையில் ஓர் உயிர் வீடு கட்டியிருக்கிறது! மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

கால்சியம் 420 பிபிஎம், அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன்) 8.5 dKH என்று விடாமல் பிடித்துவைத்ததற்கு ஐந்தாம் மாதம் பலன் தெரிந்தது. வேவ்மேக்கர் (நீரோட்டம் தரும் பம்ப்) காற்று மாதிரி வீசும் பக்கத்தில், கடுகு அளவில் ஊதாப் புள்ளி. கோரலைன் பாசி, சுண்ணாம்பு சேர்த்துக் கல் போல இறுகும் வகை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. இன்று காலை எண்ணினேன், பதினொரு புள்ளிகள். அண்ணன் கொடுத்த விதைக்கல்லுக்குப் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன.