லிட்டரை நம்பி வாங்கிய கிரீஸ் டிராப்

எங்கள் மெஸ்ஸின் கொல்லையில் புத்தம்புது எவர்சில்வர் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. எடைக்குப் போட இன்னும் மனம் வரவில்லை. நான் வாங்கிய முதல் கிரீஸ் டிராப் அது; சிங்க் தண்ணீர் சாக்கடைக்குப் போகுமுன் அதிலுள்ள எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்து வைக்கும் பெட்டி.

கடை வாசலில் சாக்கடை பொங்கி, பக்கத்துத் தையல்கடைக்காரர் புகார் கொடுத்து, பதினைந்து நாளில் டிராப் வைக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. என்ன அளவு என்று அதில் ஒரு வரி கிடையாது. அலுவலகத்துக்கு நடந்தால், "வைத்துவிட்டு போட்டோ கொண்டு வாருங்கள், அளவெல்லாம் கடையில் சொல்வார்கள்" என்றார் எழுத்தர். கடைக்காரரோ, "எத்தனை நாற்காலி? முப்பதா? அப்படியானால் இருபத்தைந்து லிட்டர் தாராளம்" என்று கட்டிக் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் மதியம், பாத்திரம் தேய்க்கும் அக்கா இரண்டு சிங்க்கிலும் ஒரே நேரத்தில் அடைப்பானைப் பிடுங்கினார். மூடியின் விளிம்பெல்லாம் தண்ணீர் பீறிட்டு, சால்னா வாசத்துடன் தரை முழுக்க ஓடியது.

அன்றிரவு உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன். சிங்க் ஒன்று 60 செ.மீ. நீளம், 45 அகலம், 30 ஆழம். அதாவது 81 லிட்டர். இரண்டுக்கும் 162. பாத்திரங்கள் அடைக்கும் இடம் போக முக்கால் பங்கு என்றால் சுமார் 120. அது இரண்டு நிமிடத்தில் வடிய வேண்டுமானால் நிமிடத்துக்கு 60 லிட்டரைத் தாங்கும் டிராப் வேண்டும். என் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: நிமிடத்துக்கு 20. எண்ணெய் மேலே மிதக்கத் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்று போக வேண்டும். விரட்டினால் எண்ணெயும் சேர்ந்தே ஓடிவிடும். வாங்கும்போது கேட்க வேண்டியது நாற்காலிக் கணக்கை அல்ல, இந்த நிமிடக் கணக்கைத்தான்.

பெரியது வாங்கியும் பத்தே நாளில் வெளிக்குழாய் மறுபடி அடைத்தது. பிளம்பர் ஒரு முழம் குழாயை அறுத்துக் காட்டினார். உள்ளே மெழுகுவர்த்தி வார்த்த மாதிரி வெள்ளையாக இறுகிய கொழுப்பு; நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. "சோறு வடித்த கஞ்சியை எங்கே ஊற்றுகிறீர்கள் அண்ணே?" என்றார். சிங்க்கில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சி டிராப்பில் தேங்கிய கொழுப்பை உருக்கி வெளியே தள்ளியிருக்கிறது. அது குழாயில் ஆறி உறைந்துவிட்டது. இப்போது கஞ்சி வாளிக்குப் போகிறது, பால்காரர் மாட்டுக்கு எடுத்துப் போகிறார். கிரைண்டர் கழுவும் தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் விடுகிறோம். இல்லாவிட்டால் மாவு டிராப்பின் அடியில் சேறாகப் படியும். பொரித்த எண்ணெய் சிங்க் பக்கமே போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடம் பார்க்காமல் வாங்காதீர்கள். சிங்க்குக்கு அடியில் பெட்டி கச்சிதமாக உட்காரும். ஆனால் மூடியைத் தூக்கவோ, உள்ளே எச்சில் பருக்கை தங்கும் கூடையை உருவவோ மேலே கையளவு இடம் இருக்காது. என்னுடையதைப் பின்சுவரை ஒட்டித் தரையில் பதித்துவிட்டேன்.

குச்சி விட்டுப் பார்த்து, மேலே மிதக்கும் கொழுப்பும் அடிச்சேறும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அள்ளிவிட வேண்டும். எங்களுக்கு அது வாரம் ஒரு முறை. முதல் தடவை காலை பதினொன்றரைக்குத் திறந்தேன். நாற்றத்தில் அன்றைய சாப்பாட்டு வியாபாரம் போயிற்று. கடை அடைத்த பிறகு திறப்பதே புத்தி. கொழுப்பைக் கரைக்கும் திரவம் என்று எதையாவது தலையில் கட்டுவார்கள். கரைந்தது அடுத்த வளைவில் போய் உறையும், வாங்காதீர்கள்.

கடைசியில் ஆய்வாளர் வந்தார். மூடிய பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "திறந்து காட்டட்டுமா ஐயா?" என்று கம்பியை எடுத்தேன். இரண்டடி பின்னால் நகர்ந்து, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.